மிதிச்சுக்கிட்டே டச்சுக் கோட்டைக்கு!

சைக்கிளில் கிராமமும் கோட்டையும் பார்க்க ஸ்பெயினுக்குப் போகிறார்களாம். என்னிடம் பாஸ்போர்ட் இல்லை, பொன்னேரி இருக்கிறது!

முதலில் ஒன்று. கும்மிடிப்பூண்டி நெடுஞ்சாலையில் ஹீரோயிசம் வேண்டாம். சிப்காட் லாரிகளுக்கு நாமெல்லாம் கொசு. ஷிஃப்ட் முடிந்து, பின்விளக்குகூட இல்லாமல் அதில் மிதித்து வீடு திரும்பும் தொழிலாளர்களைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்கும். அவர்களுக்கு வேறு வழியில்லை. நமக்கு இருக்கிறது.

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு சுமார் 20 கிலோ மீட்டர். மேடே கிடையாது. வழியில் திருப்பாலைவனம். பெயர்தான் அப்படி, சுற்றிலும் வயல்! பாலை மரங்களால் வந்த பெயராம். சோழர் காலத்து பாலீஸ்வரர் கோயிலைப் பார்த்துவிட்டு ஒரு டீ. ''பஸ்தான் இருக்கே சார்?'' என்றார் கடைக்காரர். பஸ்ஸில் போனால் இந்த டீ ஏது?

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கெல்டிரியா கோட்டை, இன்று புதர் மண்டிய மேடு. 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடமே இதுதான்! கல்லறைத் தோட்டம் மட்டும் இன்னமும் கம்பீரம். வாசலில் இரண்டு எலும்புக்கூடு சிற்பங்கள். மூச்சு வாங்க நின்ற என்னைப் பார்த்து அவை சிரித்த மாதிரியே இருந்தது.

காலையிலேயே போய்விடுங்கள். மதியம் கிளம்புகிற கடல்காற்று, திரும்பும்போது முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும். குளிர்காலமென்றால் ஏரியில் பூநாரைகள் உண்டு. பம்ப்பை மறக்காதீங்க... ரோட்டோரம் கருவேல முள்ளும் உண்டு!