மங்கிய வெளிச்சத்தில் முகம் தெளிவது எப்படி?

இருட்டியபின் கீழ்க்கட்டளை பேருந்து நிலையத்தருகே, ஒற்றை பல்பின் கீழ் பூக்கட்டுபவரைப் படமெடுக்க, கேமராவோடு வரும் 18–55 மி.மீ. லென்ஸ் திணறும், சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் சுலபமாக எடுத்துவிடும். காரணம், ஒளி நுழையும் துவாரம். 50-ஐ 1.8-ஆல் வகுத்தால் விட்டம் சுமார் 28 மி.மீ.; மற்றதோ 55 மி.மீ.இல் எஃப்/5.6 வரையே திறக்கும், 55-ஐ 5.6-ஆல் வகுத்தால் 10 மி.மீ.கூட வராது. சென்சாரில் விழும் ஒளியோ கிட்டத்தட்ட பத்து மடங்கு. 1/15 நொடி திறந்திருக்க வேண்டிய ஷட்டருக்கு 1/125 போதும். நாரை முடியும் விரல்கள் கலங்காமல் பதியும். இவ்வளவு ஒளி வாங்கும் லென்ஸ் மலிவாக இருப்பதற்கு, ஜூம் இல்லாததோடு ஒரு பழைய வடிவமைப்பும் காரணம். 1896இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் உருவாக்கிய ‘பிளானர்’ வழிவந்தது அது: துவாரத்தின் இருபுறமும் ஏறக்குறைய ஒரேமாதிரிக் கண்ணாடிகள். ஒருபக்கப் பிழையில் பெரும்பகுதியை மறுபக்கம் ஈடுகட்டிவிடுகிறது.

கைநடுக்கத்தைச் சரிசெய்யும் வசதிதான் இருக்கிறதே என்பார்கள். அது நம் கையைத்தான் நிறுத்தும், பூக்கட்டுபவரின் கையை அல்ல. பின்னணி மங்கலுக்கு மொபைல் போதுமே என்றால், அதன் போர்ட்ரெய்ட் மோடு பின்னணியைக் கணக்குப்போட்டு மங்கலாக்குவதால், காதோரம் பிரிந்த முடியில் தடுமாறிவிடுகிறது. 50 மி.மீ. லென்ஸிலும் நியாயமான குறை ஒன்று உண்டு: ஏபிஎஸ்-சி அளவு சென்சார் கொண்ட கேமராவில் எஃப்/1.8 வைத்தால், ஒன்றரை மீட்டர் தூரத்தில் கூர்மை சுமார் 6 செ.மீ. ஆழத்துக்கே இருக்கும், கண் தெளிந்தால் காது மங்கும். அருகிலுள்ள கண்ணில் ஃபோகஸ் வைத்து எஃப்/2.8-க்கு மாற்றினால் அந்த ஆழம் 9 செ.மீ.யைத் தாண்டும், அப்போதும் எஃப்/5.6-ஐவிட நாலு மடங்கு ஒளி கையிருப்பில் இருக்கும்.