120 பிக்சல்ல உங்க ஹீரோயின் தெரியுறாளா?

வடக்குப்பட்டுல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார்: "ஒரகடத்துல ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து, மூணு வருஷமா ஒரு அனிமே ஸ்டைல் கேம் பண்றேன். ஸ்டீம்ல போடணும். தம்ப்நெய்ல்ல அஞ்சு கேரக்டரும் வரணுமா?"

வேணாம் தம்பி. ஒருத்தர் போதும்.

ஸ்டீம் கேட்கிற சின்னப் படம் 462-க்கு 174 பிக்சல். சில இடங்கள்ல அதையே 120-க்கு 45 ஆகச் சுருக்கிடும். அந்த அளவுல அஞ்சு முகமும் அஞ்சு புள்ளிதான். அனிமேயோட மெல்லிய கோடுகள்தான் முதல்ல காணாமப் போகும். மிஞ்சுறது முடியோட வடிவமும் நிறமும். கென்ஷின் இம்பாக்ட்ல அத்தனை கேரக்டர் இருந்தும், போன் ஐகானுக்குப் பைமோன் முகத்தைத்தான் வெச்சாங்க.

சின்னப் படத்துல கேம் பேரே பெரும்பாலான இடத்தை எடுத்துக்கட்டும். 2023-ல வந்த 'வெண்பா' மாதிரி குட்டிப் பேர்னா இது சுலபம். பெரிய படத்துல முகத்துக்கு இடம் கொடுங்க. விருது, விமர்சன வரி, தள்ளுபடி எதையும் எழுதாதீங்க. 2022 செப்டம்பர் 1-ல இருந்து ஸ்டீம் அதை அனுமதிக்கிறதில்ல.

வரைஞ்சதும் 120 பிக்சலுக்குச் சுருக்கி, கருப்பு வெள்ளையாக்கி, இதே வகை கேம் பத்துக்கு நடுவுல வெச்சுப் பாருங்க. கேமைப் பத்தி எதுவும் தெரியாத ஒருத்தர்கிட்ட ஒரு நொடி காட்டி, என்ன தெரிஞ்சதுன்னு கேளுங்க.

கடைசியா ஒண்ணு: விவசாய கேமுக்கு வாள் வரையாதீங்க. வாங்கி 14 நாளுக்குள்ள, 2 மணி நேரத்துக்கும் குறைவா ஆடியிருந்தா ஸ்டீம்ல பணத்தைத் திரும்ப வாங்கலாம். ஏமாந்தவங்க கண்டிப்பா வாங்குவாங்க.