விரற்கடையும் மைக்ரானும்

விதை ஊன்றும் ஆழத்தை இரண்டு விரற்கடை என்றும், வரப்பின் உயரத்தை ஒரு சாண் என்றும், கிணற்று நீரை இத்தனை முழம் என்றும் கூறுவது குடியானவர்களின் நெடுநாள் வழக்கம். கையே அளவுகோலாக அமைவதால் வயல்வேலைக்கு இம்முறை மிகவும் அனுகூலமானது. ஆனால் பண்ணைக்குட்டையில் விரிக்கும் பாலித்தீன் தாளும், செடிகளின் அடியில் பரப்பும் நிலப்போர்வையும் மைக்ரான் என்னும் நுண்ணளவால் விற்கப்படுகின்றன. அவ்வளவின் பொருளை அறியாமல் பணம் கொடுப்போர் நஷ்டமடைய இடமுண்டு. ஆகையால் இவ்விருவகை அளவைகளையும் ஒன்றோடொன்று பொருத்திக் காட்டுவது அவசியமாகிறது.

பழைய வாய்பாடு

நம் முன்னோர் வகுத்த நீட்டலளவை வாய்பாடு பின்வருமாறு:

8 அணு – 1 தேர்த்துகள்
8 தேர்த்துகள் – 1 பஞ்சிழை
8 பஞ்சிழை – 1 மயிர்
8 மயிர் – 1 நுண்மணல்
8 நுண்மணல் – 1 சிறுகடுகு
8 சிறுகடுகு – 1 எள்
8 எள் – 1 நெல்
8 நெல் – 1 விரல்
12 விரல் – 1 சாண்
2 சாண் – 1 முழம்

ஆளுக்கு ஆள் கை வேறுபடுவதால் முழமும் வேறுபடும். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் நிலம் அளந்த கோலைப் பதினாறு சாண் கோல் என்று சாணின் தொகையையும் சேர்த்தே குறித்திருப்பது இங்குக் கவனிக்கத்தக்கது. இக்கட்டுரையில் முழம் ஒன்றுக்கு 18 அங்குலம் என்று கொள்வோம். அங்குலம் 25.4 மில்லிமீட்டர். எனவே சாண் 22.86 சென்டிமீட்டரும், விரல் 19.05 மில்லிமீட்டரும் ஆகும்.

நுண்ணளவுகள்

ஒரு மீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு மில்லிமீட்டர். மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் மைக்ரான். மைக்ரானையும் ஆயிரம் கூறாக்கினால் நானோமீட்டர். மைக்ரான் என்னும் பெயரைச் சர்வதேச அளவை மாநாடு 1967-ஆம் ஆண்டில் நீக்கி, மைக்ரோமீட்டர் என்பதையே நிலைநாட்டியது. எனினும் கடைத்தெருவில் பழைய பெயரே வழங்குகிறது.

இக்கணக்கின்படி ஒரு விரல் 19,050 மைக்ரான். அதனை எட்டெட்டாக வகுத்துச் சென்றால் நெல் 2,381 மைக்ரானும், எள் 298 மைக்ரானும், சிறுகடுகு 37 மைக்ரானும், நுண்மணல் 4.65 மைக்ரானும், மயிர் 0.58 மைக்ரானும் ஆகும். அதற்குக் கீழே பஞ்சிழை 73 நானோமீட்டர், தேர்த்துகள் 9 நானோமீட்டர், அணு ஏறக்குறைய 1.1 நானோமீட்டர் என்று வரும்.

இவற்றுள் நெல்லின் அளவு மெய்யான நெல்லின் அகலத்தோடு பெரும்பாலும் ஒத்திருக்கிறது. எட்டு நெல்லை அகலவாட்டில் நெருக்கி வைத்து எவரும் இதனைச் சோதித்தறியலாம். நெல்லுக்குக் கீழ்ப்பட்டவை அவ்வாறு ஒத்திருப்பதில்லை. மெய்யான எள்ளின் அகலம் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறையாது. தலைமயிரின் கனமோ 50 முதல் 100 மைக்ரான் வரை உண்டு. ஆகவே இப்பெயர்கள் எட்டெட்டாக இறங்கும் கணக்குப் படிகளுக்கு இட்ட அடையாளங்களே அன்றி, கருவி கொண்டு அளந்து கண்டவை அல்ல. வாய்பாட்டின் அணு நானோமீட்டருக்கு அருகில் வருவதைக் கொண்டு, பண்டையோர் அணுவை அளந்தறிந்தனர் என்று முடிவு கட்டுதல் பொருந்தாது.

தாளைச் சோதிக்கும் முறை

பண்ணைக்குட்டைக்கென விற்கப்படும் 500 மைக்ரான் தாளின் கனம் அரை மில்லிமீட்டர். அதாவது விரற்கடையில் முப்பத்தெட்டில் ஒரு பங்கு. 400 மைக்ரான் தாளுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணாலோ, விரலால் நெருடியோ அறிதல் அரிது. மெல்லிய தாள் கல்லும் வேரும் குத்தி எளிதில் கிழியும். தேக்கிய நீர் மண்ணில் இறங்கிவிடும். ஆதலால் பின்வரும் இரண்டு சோதனைகளைச் செய்துகொள்ளல் நலம்.

முதலாவது: தாளின் ஓரத்தில் 20 சிறு துண்டுகள் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, காற்று நில்லாதபடி அழுத்தி அளக்கவும். 500 மைக்ரான் தாளாயின் அடுக்கு 10 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். 8 மில்லிமீட்டரே இருப்பின் அது 400 மைக்ரான் தாளே.

இரண்டாவது: நிறுத்தறிதல். ஒரு சதுர மீட்டர் பரப்பும் ஒரு மைக்ரான் கனமும் உள்ள தாளின் கன அளவு சரியாக ஒரு கன சென்டிமீட்டர். பாலித்தீன் கன சென்டிமீட்டருக்குச் சுமார் 0.92 முதல் 0.95 கிராம் எடையுள்ளது. எனவே மைக்ரான் தொகையை இவ்வெண்ணால் பெருக்கினால், சதுர மீட்டருக்கு உரிய எடை கிராமில் கிடைக்கும். 500 மைக்ரான் தாள் சதுர மீட்டருக்கு 460 முதல் 475 கிராம் இருக்கும். 600 சதுர மீட்டர் தாள் 276 முதல் 285 கிலோ நிற்கவேண்டும். 400 மைக்ரானாயின் 228 கிலோவுக்கு மேற்படாது. 25 மைக்ரான் நிலப்போர்வை சதுர மீட்டருக்குச் சுமார் 23 கிராம். நெய்த தாள்களுக்கு இக்கணக்குப் பொருந்தாது. அவை சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்றே விற்கப்படுகின்றன.

கிராம அலுவலர்கள் செய்யத்தக்கது

விதைக்கும் ஆழத்தையும் பயிர் இடைவெளியையும் வாய்மொழியாகக் கூறும்போது விரலும் சாணும் போதும். ஆனால் பதிவேட்டிலும் ரசீதிலும் எழுதும்போது மில்லிமீட்டர், சென்டிமீட்டர் அளவையே எழுதுதல் வேண்டும். தாள் வாங்கும் ரசீதில் நீளம், அகலம், மைக்ரான், மொத்த எடை ஆகிய நான்கையும் குறிக்கச் செய்தால், மூன்றைக் கொண்டு நான்காவதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். தாளைக் குட்டையில் விரிப்பதற்கு முன்னரே இச்சோதனையை முடித்துக்கொள்ளுமாறு நிலமுடையோர் யாவரையும் கேட்டுக்கொள்ளுகிறோம். விரித்து நீர் தேக்கிய பின்னர் குறையைக் கண்டு பயன் யாதுமில்லை.