பொது நிலத்தில் ஒரு கல்



ஊரார் அனைவருக்கும் உரிய பூங்கா ஒன்று. அதைப் பேணுவதற்கான வரியை எல்லாச் சமயத்தாரும் செலுத்துகின்றனர். அங்கே ஒரு சமயத்தாரின் வேத வாசகம் பொறித்த கல் நிற்கிறது. மற்றொரு சிறு சமயத்தார் வந்து, “எங்கள் கல்லுக்கும் ஓரிடம் தாருங்கள்” என்று கேட்கின்றனர். அவர்களுக்கு என்ன விடை கூறுவது நீதி?

இது கற்பனை வினா அன்று. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள பிளசன்ட் குரோவ் என்னும் ஊரில் எழுந்த வழக்கு. அவ்வூர்ப் பூங்காவில், பத்துக் கட்டளைகள் பொறித்த நினைவுக்கல் ஒன்றை ‘ஈகிள்ஸ்’ என்னும் சகோதரச் சங்கத்தார் 1971-ஆம் ஆண்டில் வழங்கியிருந்தனர். 2003-ஆம் ஆண்டில், ‘சம்மம்’ என்னும் சமயத்தார் தம்முடைய ஏழு நெறி வாசகங்களைப் பொறித்த, ஏறக்குறைய அதே அளவுள்ள கல்லொன்றைத் தர முன்வந்தனர். இவர்கள் 1975-இல் சால்ட் லேக் நகரில் தோன்றிய மிகச் சிறிய கூட்டத்தார். நகராட்சியோ மறுத்துவிட்டது. ஊர் வரலாற்றோடு தொடர்புடைய கற்களையும், ஊரோடு நெடுநாள் உறவு கொண்ட சங்கங்கள் வழங்கும் கற்களையும் மட்டுமே ஏற்பது தன் வழக்கம் என்று காரணம் கூறிற்று.

நெடுநாள் உறவு இல்லாதவர் யார்? புதியவர், சிறியவர், எண்ணிக்கையில் குறைந்தவர். அவர்கள் என்றைக்குத்தான் பழையவராவது?

வழக்கு நீதிமன்றம் ஏறியது. மேல்முறையீட்டு மன்றம் 2007-இல் சிறு கூட்டத்தாரின் பக்கம் நின்றது. ஆயின் 2009 பிப்ரவரி 25 அன்று உச்ச நீதிமன்றம், ஒன்பது நீதிபதிகளும் முடிவில் ஒன்றுபட்டு, நகராட்சிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பூங்காவில் நிலையாக நிற்கும் நினைவுக்கல், வழங்கியவரின் பேச்சன்று. அதை ஏற்றுக்கொண்ட அரசின் பேச்சே என்பது தீர்ப்பின் சாரம். பூங்காவில் பேச வருபவர் பேசிவிட்டுப் போய்விடுவார், கல் போகாது. வந்த கல்லையெல்லாம் ஏற்றால் பூங்காவில் மனிதர் நடக்க இடமிராது என்றும் கருதப்பட்டது.

இக்கருத்தில் நியாயம் இல்லை என்று கூறுவதற்கில்லை. ஆனால் ஒன்றைச் சிந்தியுங்கள். கல் அரசின் பேச்சு என்றால், ஒரு சமயத்தின் வாசகத்தை அரசு தன் வாயாலேயே மொழிகிறது என்றல்லவா பொருள்? நீதிபதி சூட்டர், பொது இடத்துக் கற்கள் யாவும் எப்போதும் அரசின் பேச்சே என்று பொது விதியாக்கத் தயங்கியதும் கவனத்திற்குரியது.

வாசகர் சிலர் கேட்கலாம்: “மூசா நபி (அலை) அவர்களை நாமும் போற்றுகிறோமே! அவர்கள் பெயரால் வழங்கும் கட்டளைகள் நிற்பதில் நமக்கென்ன குறை? சம்மம் கூட்டத்தாரின் கொள்கையோ நம் ஈமானுக்கு வெகு தொலைவிலுள்ளதாயிற்றே!”

இங்கேதான் நம் உள்ளம் சோதிக்கப்படுகிறது. கல்லில் இருக்கும் வாசகம் நல்லதா என்பதன்று வினா. நிலம் யாருடையது என்பதே வினா. நமக்குப் பிடித்தவருக்கு வழங்குவது அன்பு. பிடிக்காதவருக்கும் அவரது உரிமையை வழங்குவதே நீதி. ஒரு சமூகத்தார் மீதுள்ள வெறுப்பு, நீதி தவறும்படி உங்களைத் தூண்டிவிடலாகாது என்று திருமறையின் ஐந்தாம் அத்தியாயம் எட்டாம் வசனம் நம்மை எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கை பலம் குறைந்தவரைவிடப் பலம் மிகுந்தவருக்கே அதிகம் பொருந்தும்.

நம் முன்னோர் பலம் மிகுந்து வாழ்ந்த காலத்து நிகழ்ச்சி ஒன்றைக் கேளுங்கள். உமையா கலீபா வலீத் பின் அப்துல் மலிக், டமாஸ்கஸின் பெரிய பள்ளிவாசலை விரிவாக்க விரும்பி, யஹ்யா நபி (அலை) அவர்களின் பெயரால் விளங்கிய கிறிஸ்தவ தேவாலயத்தைக் கேட்டார். பெருந்தொகை தருவதாகச் சொல்லியும் கிறிஸ்தவர்கள் இணங்கவில்லை. கலீபாவோ அதைப் பறித்துப் பள்ளிவாசலோடு சேர்த்துக்கொண்டார். பின்னர் உமர் பின் அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்கள் கலீபாவானபோது, கிறிஸ்தவர்கள் அவர்களிடம் முறையிட்டனர். பறித்துச் சேர்த்ததைத் திருப்பிக் கொடுக்குமாறு அவர்கள் ஆணையிட்டார்கள்! பாங்கு சொல்லித் தொழுத பள்ளியை இடிப்பதா என்று டமாஸ்கஸ் முஸ்லிம்கள் மனம் வெதும்பினர். இறுதியில், நகரைச் சூழ்ந்த கூத்தா பகுதியில் போரின்போது கைப்பற்றப்பட்ட தேவாலயங்களைக் கிறிஸ்தவர்களுக்கே விட்டுக்கொடுப்பதென்றும், அதற்கு ஈடாக அவர்கள் தம் கோரிக்கையைக் கைவிடுவதென்றும் உடன்பாடு ஏற்பட்டது. கலீபாவும் அதற்கு இசைந்தார்கள். வரலாற்றாசிரியர் பலாதுரீ இதனைப் பதிவு செய்துள்ளார்.

முந்தைய கலீபா செய்த பிழையை நம் வரலாற்றாசிரியர் மறைக்கவில்லை. பிந்தைய கலீபா, அப்பிழையால் எழுந்தது அல்லாஹ்வின் பள்ளியே என்பதைச் சாக்காகக் கூறவில்லை. தொழுகை உயர்ந்தது, ஆனால் பிறர் உரிமையைப் பறித்த இடம் தொழுகையால் நியாயமாகிவிடாது.

இத்தகைய நேர்மை இக்காலத்திலும் மறைந்துவிடவில்லை. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலச் சட்டமன்ற வளாகத்தில் 2012-ஆம் ஆண்டில் பத்துக் கட்டளைக் கல் நாட்டப்பட்டது. இந்துக்களின் அமைப்பொன்றும் வேறு சிலரும் தமக்கும் அங்கு இடம் கேட்டனர். கல்லை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்களுள் ஒருவர் கிறிஸ்தவப் பாதிரியார்! பொதுச் சொத்தை எந்தச் சமயத்தின் நன்மைக்கும் பயன்படுத்தலாகாது என்ற அம்மாநில அரசியல் சட்டப்படி, 2015-இல் கல்லை அகற்றுமாறு மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அக்கல் தனியார் நிலத்திற்குக் கொண்டு செல்லப்பட்டது. அங்கே யாரும் அதைத் தடுக்கவில்லை. மறு ஆண்டு நவம்பரில், அந்தச் சட்டப் பிரிவையே நீக்கிவிடலாமா என்று மக்களிடம் வாக்குக் கேட்கப்பட்டது. கிறிஸ்தவர்கள் பெருவாரியாக வாழும் அம்மாநிலத்தில், வேண்டாம் என்றே பெரும்பான்மையோர் வாக்களித்தனர்.

எனவே பொது நிலத்தில் நேர்மைக்கு இரு வழிகளே உண்டு: எல்லாருக்கும் இடம், அல்லது ஒருவருக்கும் இல்லை. முன்பே வந்தோம் என்பதும், மிகுதியாக இருக்கிறோம் என்பதும் உரிமைச் சீட்டாகிவிடா.

வாசகப் பெருமக்களே! நாம் சிலராக இருக்குமிடத்தில் நீதி கேட்பது எளிது, கேட்கவும் வேண்டும். ஆனால் நம்மவர் மிகுதியாக வாழும் தெருவில், ஓரிரு குடும்பங்களாக வாழும் பிற சமயத்தாரின் குறையைக் காது கொடுத்துக் கேட்கிறோமா? பொதுக் கிணற்றடியும், பொதுத் திடலும் அவர்களுக்கும் உரியவை என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா? இன்று ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியதும் குடும்பத்தாரோடு அமர்ந்து இதைப் பேசுங்கள்.

சிலராக இருக்கும்போது பொறுமையையும், பலராக இருக்கும்போது நீதியையும் வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.