பள்ளி விளையாட்டு அரங்கத்துக்கு எத்தனை கிலோவாட்?



நாளை நாம் சூப்பர்வைசராக ஒரு சைட்டில் போய் நிற்கும்போது, “தம்பி, இந்தக் கட்டிடத்துக்கு ஈ.பி.யில் எத்தனை கிலோவாட் கேட்கலாம்?” என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். லைட், ஃபேன், பிளக் எல்லாவற்றையும் சும்மா கூட்டிச் சொல்லிவிட்டால் போதுமா? போதாது. எந்த நேரத்தில் எதெல்லாம் சேர்ந்து ஓடும் என்று பார்க்க வேண்டும். பள்ளியின் உள் விளையாட்டு அரங்கத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

அரங்கம் 30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 600 சதுர மீட்டர். பூப்பந்து ஆட 300 லக்ஸ் வெளிச்சம் என்று கொள்வோம். யூட்டிலைசேஷன் ஃபேக்டர் 0.6, மெயின்டனன்ஸ் ஃபேக்டர் 0.8. அப்படியானால் 300 × 600 ÷ (0.6 × 0.8) = 3,75,000 லூமென்ஸ். 150 வாட் எல்.இ.டி. ஹைபே ஒன்று 18,000 லூமென்ஸ் தந்தால் 21 விளக்குகள் தேவை. வரிசைக்கு 7 வீதம் 3 வரிசை. பழைய எஸ்டிமேட்டில் 400 வாட் மெட்டல் ஹாலைடு என்று இருந்தால் அதை அப்படியே காப்பி அடிக்கக் கூடாது.

இனி கனெக்டட் லோடு:

ஹால் விளக்குகள் – 3.15 கி.வா.
ஹால் ஃபேன், எக்ஸாஸ்ட் – 2 கி.வா.
மற்ற அறைகளின் லைட், ஃபேன் – 1 கி.வா.
6 ஆம்பியர் பிளக் 12 (100 வாட் வீதம்) – 1.2 கி.வா.
16 ஆம்பியர் பிளக் 8 (1000 வாட் வீதம்) – 8 கி.வா.
ஏ.சி. 1 – 2 கி.வா.
5 எச்.பி. பம்ப் (5 × 746 ÷ 0.85) – 4.4 கி.வா.
மேடை விளக்கு, சவுண்டு சர்வீஸ் – 10 கி.வா.

மொத்தம் 31.75 கி.வா. கடைசி வரியைப் பாருங்கள். விளையாட்டு அரங்கத்தில் மேடை எதற்கு என்று கேட்கலாம். ஆண்டு விழாவும் அங்கேதானே நடக்கும்! அதை விட்டுவிட்டுப் போடும் கணக்குதான் ஆபத்து.

எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது. அறைகளுக்கு 0.7, சிறிய பிளக்குக்கு 0.4, பெரிய பிளக்குக்கு 0.25 என்று டிமாண்ட் ஃபேக்டர் கொள்வோம். மற்றவற்றை முழுசாக எடுப்போம். சாதாரண மாலையில் மேடை லோடு கிடையாது, பம்ப் உண்டு. அப்போது டிமாண்ட் சுமார் 14.7 கி.வா. விழா நாளில் டேங்கைக் காலையிலேயே நிரப்பிவிட்டால் பம்ப் ஓட வேண்டாம், மேடை ஓடும். அப்போது சுமார் 20.3 கி.வா. இதுதான் மேக்ஸிமம் டிமாண்ட்.

பவர் ஃபேக்டர் 0.9 என்றால் 22.6 கே.வி.ஏ. மூன்று ஃபேஸ், 415 வோல்ட்டில் 22,600 ÷ (1.732 × 415) = சுமார் 31 ஆம்பியர். வருங்காலத்துக்கு 20 சதவீதம் சேர்த்தால் 38 ஆம்பியர் வரும். இதை வைத்துத்தான் மெயின் ஸ்விட்சும் கேபிளும் தேர்வு செய்கிறோம். கேபிளுக்கு வோல்டேஜ் டிராப்பும் பார்க்க வேண்டும்.

இங்கேதான் ஒரு கண்ணி இருக்கிறது. 31 ஆம்பியர் என்பது மூன்று ஃபேஸிலும் லோடு சமமாக இருந்தால் மட்டுமே. மேடைக்காரர் பத்து கிலோவாட்டையும் ஒரே ஃபேஸில் மாட்டினால், 240 வோல்ட்டில் அதற்கு மட்டும் 42 ஆம்பியர் ஆகிவிடும்! அந்த ஃபேஸில் ஏற்கனவே இருக்கும் லோடு வேறு. வயர் சூடாகும், அல்லது நிகழ்ச்சி நடுவே ட்ரிப் ஆகி, கூட்டம் நிறைந்த ஹால் இருட்டாகும். ஆகவே மேடை அருகே தனி எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. உள்ள மூன்று ஃபேஸ் போர்டு ஒன்றை முதலிலேயே எஸ்டிமேட்டில் சேர்க்க வேண்டும். வெளியேறும் வழிகளில் பேட்டரி விளக்கும் வேண்டும்.

அதிகமாகக் கேட்டுவிட்டால் பாதுகாப்புதானே என்று சிலர் சொல்வார்கள். டெபாசிட்டும் மாதாமாதம் நிலைக்கட்டணமும் கட்டப்போவது பள்ளிக்கூடம். குறைத்துக் கேட்டாலோ, உள்ளே இருக்கப்போவது பிள்ளைகள். எனவே பேனாவை எடுக்கும் முன்பு தலைமை ஆசிரியரிடமும் உடற்பயிற்சி ஆசிரியரிடமும், “இந்த ஹாலில் வருஷம் முழுக்க என்னென்ன நடக்கும் சார்?” என்று கேளுங்கள். பாதிக் கணக்கு அந்தப் பதிலிலேயே கிடைத்துவிடும்.