கிரகங்களின் குடும்ப ஒற்றுமை

குமரிமுனையில் நின்று ஞாயிறு மறைந்த பின் மேற்றிசையை நோக்குவார்க்குச் சில மாதங்களில் வெள்ளியும், சில நாட்களிற் புதனும் தோன்றும். நமது நாஞ்சில் நாடு பூமத்தியரேகைக்கு 8 பாகை வடக்கே உளதாதலின், அவை ஏறத்தாழ நேர் கீழாகவே அடிவானத்தில் இறங்குகின்றன. மேனாட்டாரினும் நாம் புதனை எளிதிற் காண்பதற்கு இதுவே காரணம்.

கிரகங்களின் வேற்றுமைகளோ பலவாம். புதன் 88 நாளிற் சூரியனைச் சுற்றிவரும். நெப்டியூனுக்கோ 165 ஆண்டு வேண்டும். வியாழனின் குறுக்களவு பூமியினதைப் போல் 11 மடங்கு. இங்ஙனம் வேறுபட்டவற்றை ஒரு குடும்பமென்பது எங்ஙனம்?

முதலாவது, யாவும் தம் ஈர்ப்பால் உருண்டை வடிவுற்றவை. சூரிய ஒளியாற் காணப்படுபவை. இரண்டாவது, யாவும் நீள்வட்டத்திற் செல்பவை. இதனைக் கெப்ளர் 1609-இல் வெளியிட்டார். மூன்றாவது, வடபுறமிருந்து நோக்கின், எட்டும் இடஞ்சுழியாகவே சூரியனைச் சுற்றுகின்றன. நான்காவது, அவற்றின் பாதைகளெல்லாம் ஏறக்குறைய ஒரே தளத்தில் அமைந்துள்ளன. பூமியின் பாதையினின்று மிகச் சாய்ந்த புதனின் பாதையும் 7 பாகையே விலகும்.

நம் முன்னோர் நவக்கிரகமென எண்ணியவற்றுள் ஞாயிறு ஒரு விண்மீன், திங்கள் துணைக்கோள், இராகு கேதுக்கள் ஞாயிறு திங்கள் இவற்றின் பாதைகள் வெட்டும் புள்ளிகள். எஞ்சிய ஐந்துமே கிரகங்கள். ஆயினும் இவையாவும் இராசி வீதியிலேயே இயங்குவன என அவர்கள் கண்டது உண்மையே. அவ்வீதி, மேற்கூறிய ஒரே தளத்தின் வானத்துத் தோற்றமேயாம்.

இவ்வொற்றுமை தற்செயலாக நேர்ந்ததன்று. சுமார் 460 கோடி ஆண்டுகட்கு முன், சுழன்றுகொண்டிருந்த வாயுவும் தூசியும் சூரியனைச் சுற்றித் தட்டுப்போற் பரந்தன. அத்தட்டினின்றே கிரகங்கள் திரண்டன. ஆதலின் தாயின் சுழற்சியும் தளமும் பிள்ளைகள்பால் நிலைத்தன.

ஒன்றற்கே உரியதென நாம் நினைப்பது பலவற்றிற்கும் பொதுவாதலும் உண்டு. வளையம் சனிக்கே உரிய அணியென நெடுங்காலம் கருதப்பட்டது. 1977 மார்ச்சு 10-ஆம் நாள் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்குமுன்னரே அவ்விண்மீன் மங்கி மங்கி ஒளிர்ந்தது. இந்துமாக்கடலின்மேற் பறந்த விமானத்திலிருந்த அமெரிக்க அறிஞர் அதனை நோக்கினர். நம் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாராய்ச்சி நிலையத்தில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் 40 அங்குலத் தூரதிருஷ்டிக் கண்ணாடியால் நோக்கினர். காவலூரார் அம்மங்கலைப் புதிய துணைக்கோளின் செயலென முதலிற் கருதினர். பலவிடத்துக் குறிப்புகளையும் ஒப்பிட்ட பின்னரே அது வளையங்களின் நிழலென விளங்கிற்று. 1979-இல் வியாழனிடத்தும் வளையம் காணப்பட்டது. நெப்டியூனின் வளையங்கள் 1989-இல் உறுதிப்பட்டன. பெருங்கிரகங்கள் நான்கிற்கும் வளையம் பொதுவாயிற்று.

பொதுமையை ஆராய்தல் சிலவற்றை விலக்கவும் செய்யும். சூரியனைச் சுற்றுதல், உருண்டையாதல், தன் பாதையின் அயலிடத்தைப் பிறபொருளின்றித் துடைத்திருத்தல் என்னும் மூன்றையும் 2006-இல் அகில உலக வானியற் சங்கம் இலக்கணமாக வகுத்தது. புளூட்டோ மூன்றாவதிற் குறைவுபட்டமையாற் குறுங்கிரகமாயிற்று.

ஆதலின் மாணாக்கர்காள்! பெயர்களை நெட்டுருச் செய்வதோடு அமையற்க. ஓர் அந்தியில் நம் கடற்கரையில் நின்று, வானில் தோன்றும் கிரகங்களை மனத்தால் ஒரு கோட்டில் இணைத்துப் பார்மின். நாம் நிற்கும் பூமியும் அத்தளத்திலேயே ஓடும் ஓர் உடன்பிறப்பென்பது அப்பொழுது புலனாம்.