மரப்பட்டையும் மெழுகும் காக்கும் பைக்

மார்டள்ளியிலிருந்து கவுதள்ளி வந்து, தாளபெட்டாவைத் தாண்டி மாதேஸ்வரன் மலைக்கு ஏறுகிற சாலையில் பழைய எஸ்டி பைக் ஒன்று வந்தால், வளைவில் தலை காட்டுவதற்கு முன்பே அதன் சத்தம் வந்துவிடும். ஒற்றை சிலிண்டர், இரட்டை சைலன்சர். மைசூர் யாதவகிரியில் இயங்கிய ஐடியல் ஜாவா தொழிற்சாலையின் பிள்ளை அது. 1961இல் உற்பத்தியைத் தொடங்கிய அந்த ஆலை 1996இல் மூடப்பட்டது. அதன் வண்டிகள் மட்டும் இன்னும் மலையேறிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் கணினி கிடையாது, வெப்பத்தை அளக்கும் சென்சார் கிடையாது, கூலிங் ஃபேன்கூடக் கிடையாது. எப்படித் தாக்குப்பிடிக்கின்றன?

முதலில் அந்த இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் சுமார் 9 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான ஆற்றல் அடைந்து கிடக்கிறது. அதில் சக்கரத்தைச் சுற்றப் பயன்படுவது கால் பங்குகூட இல்லை. மிச்சமெல்லாம் வெப்பம். முழு வேகத்தில் ஓடும் 250 சிசி எஸ்டி வெளியே தள்ளும் வெப்பம், பத்துக்கும் மேற்பட்ட வீட்டு கீசர்களை ஒரே நேரத்தில் போட்டுவிட்டதற்குச் சமம். சிலிண்டருக்குள் எரியும் வாயு 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். பிஸ்டன் அலுமினியத்தில் செய்தது! ஆனாலும் உருகுவதில்லை. டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. நிமிடத்துக்கு 4,500 சுற்று என்றால் நொடிக்கு 75 வெடிப்பு. ஒவ்வொன்றும் நொடியின் ஆயிரத்தில் சில பங்குதான் எரிகிறது. உடனே குளிர்ந்த காற்றும் பெட்ரோலும் உள்ளே பாய்கின்றன. அந்தப் பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. எரிபொருளே குளிரூட்டியாகவும் வேலை செய்கிறது.

மிஞ்சிய வெப்பத்தைச் சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக நிற்கும் தகடுகள் காற்றில் கரைக்கின்றன. மெக்கானிக்குகள் இவற்றை ஃபின் என்பார்கள். சமவெளியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் எதிர்க்காற்று தாராளமாகக் கிடைக்கும். மலை வளைவில் முதல் கியரில் ஊரும்போதுதான் சிக்கல்: வெப்பம் கூடுகிறது, காற்று குறைகிறது. அலுமினியம், இரும்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும். பிஸ்டன் விரிகிற வேகத்துக்கு வார்ப்பிரும்பு சிலிண்டர் விரிவதில்லை. இரண்டுக்கும் நடுவே இருப்பது மயிரிழை இடைவெளி. அதுவும் அடைபட்டால் பிஸ்டன் ஜாம். ஏற்றத்தில் வண்டி திடீரென்று இழுவை இழந்தால் உடனே நிறுத்தி ஆறவிட வேண்டும். ஆறிய பிறகு ஃபின்களின் இடுக்கில் இறுகிய மண்ணைச் சுரண்டி எடுங்கள். பெட்ரோலில் கலக்கும் ஆயில் குறைந்ததா என்று பாருங்கள். பெரும்பாலும் நோய் இந்த இரண்டில் ஒன்றுதான்.

ஸ்கூட்டரில் இன்ஜின் மூடிக்குள் ஒளிந்திருக்கிறது, எதிர்க்காற்று எட்டாது. அதனால் சுழலும் ஃப்ளைவீலிலேயே இறக்கைகளை வைத்தார்கள். பழைய பஜாஜ் சேத்தக்கில் பார்க்கலாம். இதற்கு மோட்டார் வேண்டாம், ஒயர் வேண்டாம். இன்ஜின் வேகமாகச் சுற்றினால் காற்றும் கூடுதலாக வீசும். இறக்கை உடைந்தாலோ, மேல்மூடி கழன்று காற்று வழி மாறினாலோ ஒழிய இது கெடாது.

ரேடியேட்டர் வைத்த பைக்கில்தான் உண்மையான விளையாட்டு இருக்கிறது. இந்தியச் சாலைகளில் நீர்க்குளிர்ச்சியைப் பரவலாக்கிய வண்டிகளில் ஒன்று 2008இல் வந்த யமஹா ஆர்15. மைசூர் ஜாவாவின் பெயரும் 2018இல் திரும்பி வந்தபோது, ரேடியேட்டர் பொருத்திய 293 சிசி இன்ஜினோடுதான் வந்தது. இந்த வகை இன்ஜின்களில் கூலண்ட் என்ற குளிர்விக்கும் திரவம் போகும் வழியில் தெர்மோஸ்டாட் என்ற சிறு வால்வு காவல் நிற்கிறது. அதற்குள் இருப்பது மெழுகு! இன்ஜின் குளிர்ந்திருக்கும்வரை மெழுகு கெட்டியாக இருக்கும், வழி அடைபட்டிருக்கும். 80 டிகிரி வாக்கில் மெழுகு உருகி, விரிந்து, ஒரு சிறு தண்டைத் தள்ளி வழியைத் திறக்கிறது. இதற்கு மின்சாரமே தேவையில்லை.

அடுத்த காவல், ஃபேன் சுவிட்ச். பழைய வண்டிகளில் இது ஈருலோகத் தகடு, அதாவது வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிய வில்லை. 100 டிகிரியை நெருங்கும்போது டக்கென்று மறுபக்கம் வளைந்து மின்சுற்றை இணைக்கும், ஃபேன் சுழலும். இதன் கோளாறைக் கண்டுபிடிக்கும் முறை அழகானது. சுவிட்சுக்குப் போகும் இரண்டு ஒயர்களைக் கழற்றி, சாவியைப் போட்டு, இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்துப் பாருங்கள். (ஒற்றை ஒயர் என்றால் இன்ஜின் உடம்பில் தொட வேண்டும்.) ஃபேன் ஓடினால் கோளாறு சுவிட்சில். ஓடாவிட்டால் ஃபியூஸ், பிறகு ஃபேன் மோட்டார். இன்ஜின் கொதித்தும் ரேடியேட்டர் குளிர்ந்தே கிடந்தால் மெழுகு வால்வு திறக்கவில்லை. எதைச் செய்தாலும் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் அடைபட்ட நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் காத்திருக்கும். மூடி திறந்த கணத்தில் முகத்தில் பீறிடும்.

ஃபேன், ஆயில் எல்லாம் சரியாக இருந்தும் வண்டி சூடாகிறதா? சந்தேகம் கிளட்ச் பக்கம் திரும்ப வேண்டும். கிளட்ச் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தகடுகள். ஒன்றுவிட்டு ஒன்று இன்ஜினோடும் கியர்பாக்ஸோடும் சேர்ந்திருக்கும். ஸ்பிரிங்குகள் அவற்றை அழுத்திப் பிடிக்கும். விந்தை என்னவென்றால் இவை ஆயிலில் மூழ்கியே கிடக்கின்றன. வழுக்கும் ஆயிலில் பிடிப்பு எப்படி? ஜாவா, எஸ்டி தகடுகளில் இருந்தது கார்க். மத்தியதரைக் கடல் நாடுகளில் வளரும் ஓக் மரத்தின் பட்டை! காற்று நிறைந்த நுண்ணறைகளால் ஆன அந்தப் பட்டை அழுத்தினால் நசுங்கி, ஆயிலைப் பிதுக்கி வெளியேற்றி, இரும்பைக் கவ்விக்கொள்ளும். ஒரு தகட்டின் பிடிப்பு போதாது என்பதால்தான் பல தகடுகள்.

கிளட்ச் நழுவினால் இன்ஜின் அலறும், வண்டி நகராது, கருகல் வாடை வரும். இன்ஜினின் உழைப்பு சக்கரத்துக்குப் போகாமல் தகடுகளுக்குள் வெப்பமாகிறது. இங்கே பலரையும் ஏமாற்றும் ஒரு விஷயம் உண்டு. தகடு தேயத் தேய லிவர் லூஸாகும் என்றே நினைப்போம். நடப்பது நேர்மாறு. அடுக்கு மெலிந்ததும் அழுத்தும் தட்டு உள்ளே போகிறது. அதோடு சேர்ந்த தண்டு வெளியே தள்ளப்பட்டு, லிவரின் சிறு தொய்வு மறைந்துவிடுகிறது. ஓட்டுபவர் கை வைக்காமலே கிளட்ச் எப்போதும் பாதி அமுங்கிக் கிடக்கிறது. கேபிள் நீண்டுபோனால்தான் லிவர் லூஸாகும். அப்போது கிளட்ச் முழுதாக விடுபடாது, நியூட்ரல் கிடைக்காமல் கால் தவிக்கும். லிவரில் 2, 3 மில்லிமீட்டர் தொய்வு இருக்க வேண்டும்.

எஸ்டியில் இன்னொரு நுட்பம் உண்டு. கியர் லிவரைக் காலால் அசைத்ததும், உள்ளே இருக்கும் ஒரு மேட்டுச் சக்கரம் கிளட்சைத் தானே விடுவித்துவிடும். ஓடும்போது கையால் கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்றலாம். அதே லிவரை உள்ளே தள்ளி மேலே திருப்பினால் அதுவே கிக்கர்! இந்த ஏற்பாட்டால் கிளட்சுக்குக் கையும் காலும் என்று இரண்டு எஜமானர்கள். கேபிளை மட்டும் முறுக்கினால் காலின் கணக்கு தவறிவிடும். கிளட்சின் உள் திருகை முதலில் சரிசெய்து, அப்புறம்தான் கேபிளுக்கு வர வேண்டும்.

ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குகளில் பெரும்பாலும் இன்ஜினுக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில்தான். காருக்கான ஆயில் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் வேதிப்பொருள்கள் இருக்கும். காரில் கிளட்ச் உலர்ந்த இடத்தில் இருப்பதால் பாதகமில்லை. பைக்கில் ஊற்றினால் நல்ல தகடும் நழுவத் தொடங்கும். அதற்காகவே ஜப்பானியர் 1998இல் பைக் ஆயிலுக்குத் தனித் தரம் வகுத்தார்கள். ஆயில் டப்பாவின் பின்புறம் ‘ஜேஸோ எம்.ஏ.’ என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கிளட்ச் பிளேட் மாற்றும் செலவுக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை அதுதான்.